நரையும் ஊரும்

ஆண்டு பல கடந்தும் நரை தோன்றாமைக்குப் பிசிராந்தையார் கூறும் காரணம் தலைவிதியா? தவமா? இல்லை. மனைவி, மக்கள், ஏவல் புரியும் இளையர், தீங்கு செய்யாத வேந்தன், சான்றோர் வாழும் ஊர் என்று மனிதரையே அடுக்குகிறது புறநானூற்றின் 191ஆம் பாடல். முதுமையின் நலம் சுற்றத்தால் அமைவது என்னும் இத்தெளிவைப் போற்றுகிறோம்.

ஆயினும் வினவுகிறோம்: அந்த இளையரும் மூத்திருப்பரே! உழைத்து ஓய்ந்த அவர்தம் நரையை எண்ணியவர் யார்? பாடல் பேசவில்லை.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து பணம் பெற்றுத் தரும். பேச்சுத் துணையைப் பெற்றுத் தருமோ? தோழர்களே, பாடலை மேடையில் முழங்கினால் போதாது. நம் படிப்பகத்தில் தெருக்கோடி முதியவருக்கும் ஓர் இருக்கை போடுவோம்; நாளிதழைப் படித்துக் காட்டுவோம். சான்றோர் வாழும் ஊர் தானாய் அமையாது, நாம் ஆக்குவதே!