போட்டிக்குக் கால் உண்டு, அரங்கத்துக்கு இல்லை

ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலை பாலாற்றுக்குள் இறங்கிப் பாருங்கள். வறண்ட மணலை மிதித்து இறுக்கி பிட்ச் போட்டிருப்பார்கள். வாரம் ஆறு நாள் ஷூ கம்பெனியில் லாஸ்டிங், பேக்கிங் என்று நின்றே வேலை பார்க்கும் பையன்கள், அன்று டென்னிஸ் பந்தை விரட்டிக்கொண்டிருப்பார்கள். பந்து முள்ளுக்குள் போனால், அது கிடைக்கும்வரை ஆட்டம் நிற்கும். இவர்கள் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் வரி இருக்கிறது. அந்தப் பணத்தில் தொழில்முறை அணிகளுக்கு ஸ்டேடியம் கட்டித் தரலாமா?

2024 மக்களவைத் தேர்தலின்போது கோவைக்குச் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் என்று தி.மு.க. வாக்குறுதி தந்தது. ஒண்டிப்புதூரில் இடமும் பார்க்கப்பட்டது. ஊருக்குப் பெருமை, ஓட்டல்களுக்கு வியாபாரம், பிள்ளைகளுக்கு ஆர்வம் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். பெருமை உண்மைதான். ஆனால் அது எத்தனை நாள் நிற்கும்?

அதற்குச் சென்னை நுங்கம்பாக்கமே சாட்சி. அங்குள்ள டென்னிஸ் அரங்கம் அரசுடையது. 1997 முதல் 2017 வரை 21 முறை சென்னை ஓபன் அங்கே நடந்தது. வாவ்ரிங்கா மட்டும் 4 முறை கோப்பை வென்றார். 2018-இல் அந்தப் போட்டி புனேவுக்குப் போனது. 2023-க்குப் பிறகு புனேவிலும் இல்லை. நடத்துபவர்கள் மூட்டை கட்டிவிடலாம். கேலரியும் பராமரிப்புச் செலவும் அரசின் தலையில்தான் நிற்கும். கனடாவின் மாண்ட்ரியல் நகரம் 1976 ஒலிம்பிக் அரங்கத்துக்கு வாங்கிய கடன் அடைய 30 ஆண்டு ஆனது. புகைபிடித்தவர்களின் வரியிலிருந்தும் அதற்குப் பணம் எடுத்தார்கள்.

கிரிக்கெட்டுக்கு அரசின் கைத்தாங்கல் தேவையே இல்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விலை போனது. 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.), நத்தத்தில் கல்லூரி மைதானத்திலும் திருநெல்வேலி சங்கர் நகரில் சிமென்ட் ஆலை மைதானத்திலும் ஆட்டங்களை நடத்திக் காட்டியது. அரசு ஸ்டேடியம் கட்டித் தரட்டும் என்று அது காத்திருக்கவில்லை.

அதற்காக அரசு கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. சென்னை நேரு ஸ்டேடியத்தில் தடகளப் பாதையும் இருக்கிறது, சென்னையின் எஃப்.சி. கால்பந்தும் நடக்கிறது. அரங்கம் மக்களுக்குச் சொந்தமாக இருக்கட்டும். தொழில்முறை அணி சந்தை வாடகை கொடுத்து ஆடட்டும். அந்த வாடகை எவ்வளவு என்பது பகிரங்கமாக இருக்கட்டும். ஆட்டம் இல்லாத நாளில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கட்டும். இந்த நிபந்தனைகளுக்குச் சம்மதிக்காத அணிக்கு ஒரு ரூபாயும் தரக்கூடாது.

தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றுக்கும் 3 கோடி ரூபாய் என்பது தமிழக அரசு அறிவித்த திட்டம். ஆம்பூர் இருக்கும் திருப்பத்தூர் மாவட்டத்தில் 4 தொகுதிகள். மொத்தம் 12 கோடி. சர்வதேச ஸ்டேடியம் ஒன்றுக்கு ஆகும் செலவில் இது சிறு துளி.

மாலையில் ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் திரும்பும் பெண்கள் வீடு சேரும்போது இருட்டிவிடுகிறது. பாலாற்று மணல் அவர்களுக்கு மைதானமாகாது. ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய 4 இடங்களிலும் விளக்கு, கழிப்பறை, நடைபாதை, ஒரு பெண் பயிற்சியாளர் என்று முதலில் கொடுங்கள். ஐ.பி.எல். தன் ஸ்டேடியத்தைத் தானே கட்டிக்கொள்ளும்.