கேட்ட கடிதமும் வரைவித்த ஓவியமும்: எலிகு யேலின் கொடையைச் சென்னையிலிருந்து வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிகு யேலுக்கு 1718இல் எழுதப்பட்ட கொடை வேண்டும் கடிதத்தையும், 1719ஐ ஒட்டி வரையப்பட்ட அவரது குடும்ப ஓவியத்தையும் இக்கட்டுரை இணைத்து வாசிக்கிறது. கடிதம் ஒரு பெயரை விலைபேசுகிறது; ஓவியம் ஒரு பெயரை விட்டுவிடுகிறது. இவ்விரண்டையும் சென்னை ஆவணங்களோடு சேர்த்துப் படித்தாலன்றி அக்கொடையின் பொருள் விளங்காது என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: எலிகு யேல், பரிசில் கடாநிலை, ஆளோலை, குடும்ப ஓவியம், அடிமை வணிகம், சென்னை.

முன்னுரை

சென்னை வரலாற்றை எழுதியோர் யேலைப் பெரும்பாலும் சுவையான செய்திகளின் நாயகராகவே காட்டியுள்ளனர். கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் 1680 நவம்பரில் நடந்த முதல் திருமணம் அவருடையது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் அவர் மகனின் கல்லறை உள்ளது. சென்னை நாள் கொண்டாட்டங்களில் ஆண்டுதோறும் சொல்லப்படுபவை இவையே. மறுபுறம், அமெரிக்காவில் கடந்த இருபது ஆண்டுகளாக நிகழும் விவாதம் ஒரே வினாவைச் சுற்றி வருகிறது: யேல் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தாரா, இல்லையா? முதலாவது அவரை வேடிக்கைப் பொருளாக்குகிறது. இரண்டாவது அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு வழக்கை முடிக்கப் பார்க்கிறது. இரண்டுமே அவரது கொடையை ஒரு பனுவலாகப் படிக்கவில்லை.

கொடையைப் படிக்கும் கருவிகள் தமிழிலக்கிய மாணவரிடம் நிறையவே உண்டு. கொடுப்போரும் பெறுவோரும் தத்தமக்குள் எதை மாற்றிக்கொள்கின்றனர் என்பதைத் துறை வகுத்துப் பேசிய இலக்கணம் நம்முடையது. அக்கருவிகளைக் கொண்டு ஓர் ஆங்கிலக் கடிதத்தையும் ஓர் ஐரோப்பிய ஓவியத்தையும் வாசிக்க இக்கட்டுரை முற்படுகிறது.

கடிதம்: ஒரு பரிசில் கடாநிலை

யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்றவர். கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராக 1672இல் சென்னை வந்தபோது அவருக்கு ஆண்டுச் சம்பளம் 10 பவுன். 1699இல் அவர் ஊர் திரும்பியபோது இங்கிலாந்தின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக இருந்தார். வைர வணிகமும் கும்பினிக்கு வெளியே நடத்திய தனி வாணிகமும் அந்த ஏற்றத்தின் வழிகள். முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளுக்கிடையே 1692இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பதவிதான் போயிற்று, செல்வம் அவரிடமே தங்கியது.

அச்செல்வத்தின்மீது கண்வைத்தவர்களுள் முந்தியவர், நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களின் இலண்டன் முகவரான ஜெரமையா டம்மர். கனெக்டிகட்டில் 1701இல் தோன்றிய சிறு கல்விக்கழகம் ஒன்றின் பொறுப்பாளருக்கு 1711இல் எழுதிய கடிதத்தில், யேலிடம் பெரும் சொத்து இருப்பதையும், அவருக்கு மகன் இல்லாமையால் கனெக்டிகட்டிலிருந்து உறவினர் ஒருவரை வாரிசாக அழைப்பதையும் அவர் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வைக்கிறார். சொத்து உண்டு, மகன் இல்லை. தூது உரைப்பவரின் கூர்மை இது. தொடர்ந்து, ஆக்சுபோர்டுக்குக் கொடுக்க எண்ணிய அறத்தை யேல் ஏன் நம் கல்லூரிக்குக் கொடுக்கலாகாது என்று வழியும் காட்டுகிறார். பெற்றவர் பெறாதவரை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது நம் மரபு. டம்மரோ, பெறப்போகும் இடத்துக்கு வள்ளலை ஆற்றுப்படுத்துகிறார்.

ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1718 சனவரியில், பாஸ்டனின் புகழ்பெற்ற மதகுரு காட்டன் மாதர் யேலுக்கு நேரடியாக எழுதினார். அக்கடிதத்தின் தொடக்கமே நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம். தாம் வாழும் அமெரிக்கப் பகுதியை மேற்கு இந்தியா என்று குறித்து, கிழக்கு இந்தியாவில் யேல் செய்தவற்றையும் பெற்றவற்றையும் அறிந்தோர் இங்கு உளர், அவர்கள் அக்கதையில் மகிழ்கின்றனர் என்கிறார் மாதர். செய்ததும் பெற்றதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. சென்னை அங்கே ஊராக இல்லை. மகிழ்வதற்குரிய கதையாக இருக்கிறது.

பாடாண் திணையில் பரிசில் கடாநிலை என்றொரு துறை உண்டு. கொடு என்று வள்ளலைத் தூண்டுவது அது. புலவர் தம் வறுமையை விரித்து, வள்ளலின் சிறப்பைச் சொல்லி, கொடையால் நிலைக்கப்போகும் புகழை முன்வைப்பார். குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனாரின் பாடல்களைப் பயின்றவர்க்கு மாதரின் கடிதம் புதிதாகத் தோன்றாது. கல்லூரியின் எளிய நிலை அங்கே இருக்கிறது. யேலின் பெருந்தன்மை இருக்கிறது. நிலைக்கும் பெயரும் இருக்கிறது. நியூ ஹேவனில் உருவாகிவரும் அக்கல்லூரி யேலின் பெயரை அணிந்துகொண்டால், அது புதல்வர் புதல்வியரால் வாய்க்கும் பெயரைவிட மேலானது என்றும், எகிப்தியப் பிரமிடைவிடச் சிறந்த நினைவுச்சின்னமாகும் என்றும் மாதர் எழுதுகிறார். முதல் உவமை விவிலியத்தின் எசாயா நூலில் வேர்கொண்டது. ஆயினும் யேலைப் பொறுத்தவரை அது வெறும் மறைநூல் அலங்காரம் அன்று. அவர் மகன் தாவீது நான்கு வயது நிறையுமுன் 1688இல் சென்னையில் இறந்தான். யேலின் மனைவியினுடைய முதற்கணவர் ஜோசப் ஹின்மர்சை அடக்கம் செய்த இடத்திலேயே அவனும் அடக்கம் செய்யப்பட்டான். அக்கல்லறையின்மீது எழுந்து நிற்பது கூர்நுனிக் கோபுரம். மகனைவிட மேலான பெயர், பிரமிடைவிட மேலான சின்னம் என்ற இரண்டு தொடர்களையும் யேல் படித்திருக்கும்போது, அவர் நினைவில் எந்த இடம் எழுந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. 1921இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கல்லறையை இடம் மாற்றுமாறு 2023இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆணை பிறந்தபோதும், நம் நாளிதழ்கள் மாதரின் கடிதத்தோடு அதனை இணைத்துப் பார்க்கவில்லை.

சங்கப் பாடலைப் புனிதமாக்கி இக்கடிதத்தை இழிவுபடுத்துவது என் நோக்கமன்று. பாடாண் பாடல்களும் பகைவர் நாட்டைச் சூறையாடிய பொருளைப் பரிசிலாகப் பெற்றவைதாம். வேறுபாடு ஒன்றுண்டு. அப்பாடல்கள் எரிந்த ஊரையும் கவர்ந்த பொருளையும் வெளிப்படையாகவே சொல்லிப் புகழ்ந்தன. எங்கிருந்து வந்தது என்பது பாட்டினுள்ளேயே கிடக்கிறது. மாதரின் கடிதத்தில் அது மகிழ்ச்சி தரும் கதை என்ற சொல்லுக்குள் மூடப்பட்டுவிடுகிறது.

கடிதம் பலித்தது. ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், காட்ஃப்ரே நெல்லர் வரைந்த முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியமும் வந்துசேர்ந்தன. பொதிகளில் ஐரோப்பியத் துணிகளோடு காலிக்கோவும் மஸ்லினும் இருந்தன. சரக்கு பாஸ்டனில் 562 பவுனுக்கு விற்றது. 1718 செப்டம்பரில் கல்லூரி யேலின் பெயரைச் சூடியது. ஈந்தவர் பெயரைக் கல்விக்கூடம் சூடுவது நமக்கும் அயலானதன்று. கும்பினியின் நிழலில் பொருளீட்டிய துபாஷ் பச்சையப்ப முதலியாரின் உயில் நீதிமன்றம் ஏறி இறங்கி, 1842இல் அவர் பெயரில் பள்ளியாயிற்று. பெயர் சூட்டலுக்கு வேறு அளவுகோலும் இருக்கலாம் என்பதற்குச் சவ்வாது மலையின் காவலூர் வானாய்வகம் சான்று: தன்னை உருவாக்கிய வானியலாளர் வைணு பாப்புவின் பெயரை அது 1986இல் பெற்றது. அங்கே பணப்பை பெயரைத் தரவில்லை, பணி தந்தது.

ஓவியம்: மேசையின் விளிம்பில் நிற்பவன்

கல்லூரி பெயர்பெற்ற ஓராண்டு அளவில் அந்தக் குடும்ப ஓவியம் எழுந்தது. ஜான் வெரெல்ஸ்ட் வரைந்ததாகக் கருதப்படும் இது இன்று யேல் பிரித்தானியக் கலை மையத்தில் உள்ளது. டெவன்ஷயர் கோமகன் குடும்பத்திலிருந்து வந்தது. யேலின் மகள் ஆன் அக்குடும்பத்தின் ஜேம்ஸ் கேவண்டிஷை மணந்தவர். மேசையைச் சுற்றி மதுவோடும் புகையிலையோடும் ஆடவர் அமர்ந்துள்ளனர். பின்னணித் தோட்டத்தில் வீட்டுக் குழந்தைகள் விளையாடுகின்றனர். வலப்புறம், மேசைக்குச் சற்று அப்பால், ஏறத்தாழப் பத்து வயதுடைய ஆப்பிரிக்க வம்சாவளிச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். உடை உயர்ந்தது, கழுத்தில் வெள்ளி வளையம், வளையத்தில் பூட்டு.

அக்காலத்து இங்கிலாந்தில் இத்தகைய வளையம் ஓவியரின் கற்பனை அன்று. தப்பியோடிய சிறுவர்களைத் தேடும் செய்தித்தாள் விளம்பரங்களில் கழுத்து வளையம் ஓர் அடையாளமாகவே குறிக்கப்பட்டது. இங்கு என்னைத் தடுத்து நிறுத்துவது வளையத்தின் கொடுமை மட்டுமன்று, அதன் இடப்பொருத்தமும்தான். தோட்டத்துக் குழந்தைகளுக்கும் இவனுக்கும் வயதில் பெரிய இடைவெளி இல்லை. அவர்கள் ஆடுகிறார்கள், இவன் பணிசெய்யக் காத்திருக்கிறான். ஓவியர் இதைக் கண்டனமாக வரையவில்லை. வெள்ளியின் ஒளியை அவர் தீட்டியிருக்கும் அக்கறை, அதுவும் வீட்டின் செல்வங்களுள் ஒன்று என்றே சொல்கிறது. வரைவித்தவர் காட்ட விரும்பியதையே நாம் காண்கிறோம். வரைவித்த ஓவியம் தரும் சான்றின் வலிமை இதுதான்: யாரும் வற்புறுத்தாமல் தரப்பட்ட வாக்குமூலம் அது.

ஓவியத்தின் தலைப்புகள் தனியே ஒரு கதை. நெடுங்காலம் அது 1708ஐச் சேர்ந்ததாகவும், திருமண ஒப்பந்தக் காட்சியாகவும் கருதப்பட்டது. அமர்ந்திருந்த ஆடவர் ஒவ்வொருவர் பெயரையும் தலைப்பு அடுக்கிச் சென்றது. இறுதியில் ‘ஒரு பணியாள்’ என நின்றது. 2020 அக்டோபரில் ஓவியம் இறக்கப்பட்டு, டைட்டஸ் காபாரின் படைப்பு அவ்விடத்தில் மாட்டப்பட்டது. காபார் மற்றவர்களைக் கசக்கிய துணியாக்கி, சிறுவனின் முகத்தை மட்டும் பொற்சட்டத்துக்குள் வைத்தார். கழுத்தில் வளையம் இல்லை. ஆய்வுக்குப் பின் மூல ஓவியம் 2022இல் மீண்டபோது காலம் 1719ஐ ஒட்டி எனத் திருத்தப்பட்டிருந்தது. தலைப்பில் அடிமைப்படுத்தப்பட்ட குழந்தை இடம்பெற்றது. திருத்தம் நேர்மையானது. ஆனால் காலத்திருத்தத்தின் உட்பொருள் போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து. 1708 என்றால் அது திருமணப் படம். 1719 என்றால், புதல்வரைவிட மேலான பெயர் கிடைத்துவிட்ட கொடையாளர் தம் வழித்தோன்றல்களோடு அமர்ந்த படம். கடிதமும் ஓவியமும் அப்போது பக்கத்துப் பக்கத்து ஆண்டுகளின் பொருள்களாகிவிடுகின்றன.

பெயரும் ஆளோலையும்

சேக்கிழார் காட்டும் தடுத்தாட்கொண்ட காட்சியில் வழக்கே ஓலையைப் பற்றியது. மணப்பந்தலில் சுந்தரர் கிழித்தது படி ஓலை; மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் நீட்டப்படுகிறது; பாட்டனாரின் கையெழுத்து வேறொரு ஓலையோடு ஒப்புநோக்கப்படுகிறது. அடிமையின் பெயர், ஊர், வழிமுறை அனைத்தும் எழுத்தில் உள்ளன. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘தமிழகத்தில் அடிமைமுறை’ இத்தகைய சான்றுகளைத் தொகுத்துக் காட்டியபின்னும், ‘அடிமை’ என்ற சொல்லைப் பக்திநயத்தோடு மட்டும் கேட்கும் பழக்கம் நம் வகுப்பறைகளிலிருந்து போகவில்லை. நம் மரபும் கை கழுவிய மரபன்று. எனினும் ஆளைப் பிணித்த அந்த ஓலை ஆளின் பெயரைத் தாங்கியது. ஓவியத்துச் சிறுவனைப் பிணித்தது பெயர் எழுதாத வெள்ளி.

கடிதம் எழுதிய மாதரின் வீட்டிலும் ஓர் அடிமை இருந்தார். திருச்சபையார் 1706இல் அவருக்கு அன்பளிப்பாக அளித்த ஒனெசிமஸ். அம்மைக்குத் தடுப்புமுறை ஆப்பிரிக்காவில் உண்டு என்று மாதருக்கு எடுத்துரைத்தவர் அவரே; அதனால் வரலாற்றில் பெயர்பெற்றார். அதுவும் மாதர் சூட்டிய விவிலியப் பெயர்.

சென்னையின் பக்கங்கள்

ஓவியத்துச் சிறுவனைச் சென்னைப் பிள்ளையாக்கிப் பேசும் ஆசை நமக்கு எழலாம். அதற்கு இடந்தரலாகாது. அவன் முகம் வேறொரு கரையின் இழப்பைச் சொல்வது. சென்னைக் கரையின் இழப்புக்கு ஓவியம் இல்லை. கோட்டை ஆட்சிக்குழுவின் குறிப்பேடுகளே உண்டு. யேல் தலைமையேற்ற 1687, கடும் பஞ்ச ஆண்டு. வறியோர் மலிந்ததாலும் விலை குறைந்ததாலும் இத்துறைமுகத்து அடிமை வணிகம் பெருகுகிறது என்று சொல்லி, கப்பலேறும் தலை ஒன்றுக்கு ஒரு வராகன் சுங்கம் விதிக்கிறது குறிப்பேடு. பஞ்சம் அங்கே துயரமாக இல்லை, வரவினமாக இருக்கிறது. அடுத்த ஆண்டே ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. இத்தடையை யேலின் மனிதநேயத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. தடைக்குக் கூறப்பட்ட காரணங்களைப் படித்தால் அவ்வாதம் நிற்காது. ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. சுங்கத்தால் கும்பினிக்கு ஆதாயம் இல்லை. கோல்கொண்டா வீழ்ந்தபின் வந்த முகலாய ஆட்சி இவ்வணிகத்தை வெறுக்கிறது. இவற்றுக்கிடையில் இன்னொன்றும் வருகிறது: தம் பிள்ளைகளும் ஏவலரும் திருடப்பட்டதாக உள்நாட்டு அரசின் வழியே முறையீடுகள் எழுந்து தொல்லை தருகின்றன.

ஆட்சிக்குழுவுக்கு அது தொல்லை. முறையிட்டோர் எந்த ஊரார், எந்தப் பிள்ளை எந்தக் கப்பலில் ஏறினான் என்பவை அப்பக்கத்தில் எழுதப்படவில்லை. அதே 1688ஆம் ஆண்டில்தான் தலைவரின் மகன் தாவீதின் பெயர் கல்லில் வெட்டப்பட்டது.