முதலில் தாங்கி, பிறகு தொலைநோக்கி
நெபுலாக்களைப் படம்பிடிக்க விரும்புபவர் முதலில் தேட வேண்டியது பெரிய தொலைநோக்கியை அல்ல, அதைச் சுமக்கும் உறுதியான தாங்கியை. விண்மீன்கள் நொடிக்கு 15 வில்நொடி வரை நகர்கின்றன. ஐந்து நிமிடம் திறந்திருக்கும் கேமராவில் அவை கோடாகாமல் புள்ளியாகவே விழும்படி பின்தொடர்வதுதான் தாங்கியின் அழகு. அடுத்தது கேமராவுக்கும் தொலைநோக்கிக்கும் உள்ள பொருத்தம். 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவை 400 மி.மீ. குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் பொருத்தினால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 1.9 வில்நொடி வானம் கிடைக்கும், 2000 மி.மீ.யில் 0.4தான். காற்றின் அலைவே விண்மீனை இரண்டு, மூன்று வில்நொடிக்குப் பரப்பிவிடும்போது அந்த நுணுக்கம் பெரும்பாலும் வீண். பெரிய கண்ணாடி அதிக ஒளி திரட்டுமே என்பார்கள். உண்மைதான், சிறிய, மங்கலான பொருள்களுக்கு அது வேண்டும். ஆனால் நிலவைப்போல் ஆறு மடங்கு அகலமான ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் அதன் குறுகிய பார்வைப் புலத்துக்குள் அடங்காது. எடை கூடக்கூடத் தாங்கியும் தடுமாறும். ஆகவே, பணத்தின் பெரும்பங்கைத் தாங்கிக்குக் கொடுங்கள். தொலைநோக்கி சிறியதாகவே இருக்கட்டும்.