நன்னூல் கூறும் மாணாக்கர் வகையும் கற்பிக்கும் முறையும்

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தும் சொல்லும் உணர்த்தும் இலக்கண நூலாகும். ஆயினும் அதன் பொதுப்பாயிரம் ஆசிரியன் இயல்பும் மாணாக்கன் இயல்பும் கற்பிக்கும் முறையும் ஒருங்கே கூறுதலின், ஒரு கல்வி நூலாகவும் விளங்குகின்றது. மாணாக்கரை எட்டு உவமைகளாற் பாகுபடுத்தும் அதன் நூற்பா யாவரும் அறிந்ததே. பல்வேறு திறத்தார் ஒருங்கிருந்து பயிலும் இற்றை வகுப்பறைக்கு வழிகாண முற்படுவார் பலர் இதனையே எடுத்துக்காட்டுவர். அதனைத் தனித்தெடுத்துக் கொள்ளுதல் தகுமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் நான்கும் கடைமாணாக்கர்க்கும் உவமையாயின. கொண்டதை ஒழுகவிடும் குடமும், நெய்யைப் போக்கிக் கசட்டைப் பற்றும் அரிப்பும் வகுப்பறையைக் கூர்ந்து நோக்கியவர் கண்ட உவமைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆடு ஆவாதல் இல்லை. எருமை அன்னமாதலும் இல்லை. எனவே இவற்றைக் கற்கும் முறைக்கு உவமையாகக் கொள்ளாது கற்போனுக்கே உரிய நிலைத்த அடையாளமாகக் கொள்ளின், ஆசிரியன் செய்யத்தக்கது ஒன்றும் இல்லையாய் முடியும்.

எட்டனுள் மண் ஒன்றே வேறுபட்டு நிற்கின்றது. உழவனது முயற்சியின் அளவிற்கேற்ப மண் விளைவு தரும் என்பது உவமையின் கருத்து. விளைவு குன்றின் வினவப்படுபவன் உழவனும் ஆவன். அன்றியும், நல்லாசிரியனுக்கும் நிலத்தையே உவமை கூறி, பருவத்திற்கும் முயற்சிக்கும் ஏற்பப் பயன் தருதலை அதன் மாண்புகளுள் ஒன்றாக வைத்தார் நூலாசிரியர். கற்பிப்போனுக்கும் கற்போனுக்கும் பொதுவாய் அமைந்த இவ்வுவமை பெரிதும் கருதத்தக்கது.

மாணாக்கரைத் தரம் பிரித்த அந்நூலே ஆசிரியரையும் விட்டுவைத்திலது. இட்ட முறைமாறிக் கழற்காய்களை வெளியிடும் குடமும், அரிதிற் கொண்டு சிறிது சிறிதாகவே தரும் பருத்திக் குண்டிகையும் ஆசிரியர் ஆகாதார்க்கு உவமைகளாம். மேலும், ஏற்போன் எவ்வாறு ஏற்பான் என அறிந்து, விரைவும் வெகுளியும் இன்றிக் கற்பித்தல் வேண்டும் என்பதும் அந்நூலின் விதி. மாணாக்கர் வகையைக் கூறும் நூற்பா இவ்விதியின் பின்னரே வருகின்றது. ஆதலின் வகையறிதல் கற்பித்தலின் பொருட்டேயன்றி ஒதுக்குதற்பொருட்டு அன்று என்று கொள்ளுதல் பொருந்தும்.

இவ்விடத்து ஒரு தடை எழும். நூல் கற்பிக்கத் தகாதாருள் நோயுடையானையும் மந்த அறிவினனையும் நன்னூல் சேர்த்துள்ளதே எனின், உண்மையே. அதனை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. வேண்டியாரை ஏற்று வேண்டாரை விலக்கும் உரிமை அக்கால ஆசிரியனுக்கு இருந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அவ்வுரிமையை இன்றைய பள்ளியாசிரியர்க்கு வழங்கவில்லை. இப்பகுதியில் நன்னூலைப் பின்பற்றுதல் இயலாது, பின்பற்றவும் ஆகாது.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையினராக வகுத்தது. இதுவும் மூவகைப் பாகுபாடே. ஆயின் உவமையின் இயல்பு வேறு. அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும். நிலை என்பது ஒருவன் நிற்கும் இடமேயன்றி அவன் இயல்பன்று என்பதைப் பெயரே உணர்த்துகின்றது. எனினும் அரும்பெனப்பட்ட குழந்தை ஆண்டு முழுதும் அரும்பாகவே வைக்கப்படுமாயின், இல்லிக்குடம் என்பதற்கும் அதற்கும் வேற்றுமை பெயரளவினதே.

வேறுபட்ட மாணாக்கரை ஒருங்கே கற்பித்தற்குரிய வழியொன்றும் நன்னூலிலேயே உண்டு. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொள்ளினும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன்பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு கால் எய்தும். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரை நிரம்பும் என்பது அதன் கணக்கு. நம் வகுப்புகளோ, முதுகலை வகுப்புகள் உட்பட, முழு நேரத்தையும் அம்முதற் காலுக்கே செலவிடுகின்றன. விரைந்து கற்றோன் மெல்லக் கற்போனுக்கு உரைப்பின் இருவரும் பயன் பெறுவர். மெல்லக் கற்போனும் தான் அறிந்ததை உரைக்க இடம்பெறின், அவனும் அவ்வரையைப் பெறுதற்கு உரியனாவான்.

எட்டு உவமைகளை மனப்பாடம் செய்வித்து மாணாக்கரை எடைபோடும் நாம், இக்கணக்கினை வகுப்பறையில் நடைமுறைப்படுத்தல் வேண்டும். நன்னூலைக் கற்பிப்பார் நன்னூல் கூறியவாறு கற்பித்தலே அந்நூற்கு உரிய உரையாகும்.