தலையணைக்கு அடியில் உள்ள நூல்

நெடுநாள் கழித்துச் சந்திக்கும் இருவர், ஸலாம் உரைத்து, நலம் உசாவி, பிள்ளைகளின் படிப்பையும் ஊர்ச் செய்திகளையும் பேசி முடித்தபின், நூல்களோடு சற்றே பழக்கமுள்ளவர்களாயின், ஒரு வினாவுக்கு வந்து சேர்வர்: "இப்பொழுது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" எளிய வினாதான். ஆயினும் இதற்கு மெய்யான விடை கூறுவோர் நம்முள் மிகச் சிலரே. படித்திருக்க வேண்டும் என்று தாம் கருதும் நூலின் பெயரையே பெரும்பாலோர் எடுத்துரைக்கின்றனர். இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைக்க மனமின்றிப் பக்கம் புரட்ட வைத்த நூலோ தலையணைக்கு அடியிலேயே கிடக்கிறது.

இக்குற்றத்தைப் பிறர்மேல் சுமத்த நான் முன்வரவில்லை. குற்றவாளிகளின் வரிசையில் முதலில் நிற்பவன் நானே.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் எங்கள் பெரியும்மாவின் வீட்டில் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்தோம். பகலுணவுக்குப்பின் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்திருந்தபொழுது, கல்லூரியில் பயிலும் என் காக்கா மகளிடம், "என்னம்மா, இப்போ என்ன படிக்கிறே?" என்று கேட்டேன். அவள் சற்றுத் தயங்கிப் பாடநூல் ஒன்றின் பெயரைச் சொன்னாள். அதில் நிறைவடையாத நான், பெரியவர்களுக்கே உரிய வழக்கப்படி அறிவுரை வழங்கத் தொடங்கினேன். நம் இலக்கிய வரலாறு குறித்த பெரியதொரு நூலின் பெயரைக் கூறி, "அதை வாங்கிப் படி. ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது, சாச்சா?" என்று கேட்டாள்.

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளவே கேட்டாள். அதுதான் என்னைத் திகைக்க வைத்தது. அந்நூல் என் அலமாரியில் ஆறாண்டுகளாக இருக்கிறது. அதற்கு ஒரு மதிப்புரைகூட எழுதியிருக்கிறேன். ஆனால் அறுபதாம் பக்கத்திற்கு அப்பால் நான் சென்றதில்லை. "எல்லாமே நல்ல இடந்தான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அன்றிரவு பழைய இதழ்களை இறக்கி, நான் எழுதிய மதிப்புரைகளைப் புரட்டிப் பார்த்தேன். "ஒவ்வோர் இல்லத்தையும் அணிசெய்ய வேண்டிய அரிய நூல்", "கற்றோரும் மற்றோரும் படித்துப் பயன்பெறுவர்", "அச்சும் அமைப்பும் கண்ணைக் கவர்கின்றன" என்று பக்கம் பக்கமாக இவையே. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் எந்த மதிப்புரையையும் எந்த நூலுக்கும் ஒட்டிவிடலாம். திருமண வாழ்த்துமடலுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு பெரிதாக ஒன்றுமில்லை. நூலாசிரியர்கள் மனம் குளிர்ந்திருப்பார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நம் எழுத்தாளர்களுக்குக் கிடைக்கும் ஊதியம் பெரும்பாலும் அந்தக் குளிர்ச்சி மட்டுமே. ஆனால் அம்மதிப்புரைகளைப் படித்து ஒருவரேனும் கடைக்குச் சென்றிருப்பாரா? ஐயமே.

நம் முன்னோரிடையே இவ்வகைக் கரவுக்கு இடம் குறைவாகவே இருந்தது. அவர்கள் நூலைக் கூடிக் கேட்டார்கள். வண்ணப்பரிமளப் புலவர் 1572-இல் ஆயிர மசலாவை மதுரையில் அரங்கேற்றினார் என்பர். அக்காலம் தொட்டு நம் புலவர்கள் செவிகளை எண்ணியே பாடினார்கள். சீறாப்புராணத்தை ஒருவர் பாட, மற்றொருவர் பொருள் சொல்ல, ஊரார் அமர்ந்து கேட்ட இரவுகளைப் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தமிழெழுத்துக் கற்காத பெண்மக்களும் அரபு எழுத்தில் தமிழைப் பொதிந்த அரபுத் தமிழைக் கற்றிருந்தனர். மாலைகளும் கிஸ்ஸாக்களும் அவ்வெழுத்தின் வாயிலாக அடுக்களைவரை சென்றன. ஒருத்தி படிப்பாள், எண்மர் கேட்பர்.

எங்கள் பெரியும்மாவுக்கு நூறு மசலாவின் சில பகுதிகள் இன்றும் மனப்பாடம். இளவரசி ஒருத்தி வினாக்களைத் தொடுக்க, அவளை மணக்க விழைந்தவன் விடையிறுக்கும் கதை அது. நாங்கள் சிறுவராய் இருந்தபொழுது அவர் அதைச் சொல்லுவார். வினா முடிந்ததும் நிறுத்திவிடுவார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வெற்றிலையை மடித்து வாயில் இடுவார். எவருக்கும் விடை தெரியவில்லை என்று உறுதியான பின்னரே அடுத்த அடிக்குச் செல்வார். எந்த இடம் அவருக்குப் பிடித்த இடம் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. குரல் மாறும், சொல் மெதுவாகும், அவ்வளவே போதும். நான் எழுதிய மதிப்புரைகள் எதிலும் அப்படி ஒரு நிறுத்தம் இல்லை.

நூல்கள் அச்சேறி மலிந்தபின் வாசிப்பு தனி அறைக்குள் சென்றது. அதனால் நன்மைகள் பல விளைந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிறர் முன்னிலையில் சுவைக்கும் பழக்கம் அத்துடன் கழன்று விழுந்துவிட்டது. சுவைத்ததை மறைப்பதும், சுவைக்காததைப் புகழ்வதும் எளிதாகிவிட்டன.

பெருநாள் மறுநாளன்று என் வினாவுக்கு மெய்யான விடை கூறியவர் ஒருவர் உண்டு. அவர் என் மச்சான். வாணிபத்திலேயே முடி நரைத்தவர். இலக்கியம் என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். அவர் தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யை மூன்று தடவை படித்திருக்கிறாராம்! "முஸ்தபாக்கண்ணு வீட்டுச் சாமானை ஒண்ணொண்ணா வித்துத் தின்னுற இடம் வந்தா, எனக்கு எங்க வாப்பா நெனப்பு வந்துரும். எங்க வீட்டுத் தேக்குக் கட்டில் போனதும் அப்படித்தான்" என்றார். இதைச் சொல்லும்பொழுது அவரே ஒரு சாய்வு நாற்காலியில்தான் சாய்ந்திருந்தார். நாங்கள் சிரித்ததன் காரணம் அவருக்குச் சற்றுப் பிந்தியே விளங்கியது.

1997-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்நாவலைப் பற்றி நான் மேடையில் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். தேங்காய்ப்பட்டணத்துக்காரரான மீரான் மலையாள வழியில் கல்வி கற்றவர், அவர்தம் முதல் நாவலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசில் தொடராக வந்து 1988-இல் நூலாயிற்று, வட்டார வழக்கை அவர் கையாண்ட திறம் இத்தகையது என்றெல்லாம் அடுக்கினேன். அவ்வளவும் உண்மைதான். ஆனால் அவர் மொழி தஞ்சைப் பகுதி வாசகரை முதல் இருபது பக்கங்களில் தடுக்கி விழ வைக்கும் என்பதையும், பொறுமையோடு நடந்தால் பிறகு அந்த மொழியை விட்டு வெளியே வர மனமிராது என்பதையும் நான் சொல்லவில்லை. விற்றுத் தின்னும் ஒரு குடும்பத் தலைவனைக் காணும்பொழுது எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்தார் என்ற நினைவு எழுந்ததையும் சொல்லவில்லை. மச்சான் ஒரு கட்டிலை வைத்து அதைச் சொல்லிவிட்டார்.

மாலையில் பெண்கள் தேநீர் கலந்துகொண்டிருந்தபொழுது, காக்கா மகள் முற்றத்துப் பக்கம் வந்து, "சாச்சா, நான் நெசமா படிக்கிறது வேற" என்றாள். செய்தித்தாளால் உறையிட்ட நூல் ஒன்றைக் காட்டினாள். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'.

இங்கே என்னுடைய இரண்டாவது குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2004-இல் அந்நாவல் வெளிவந்த பின்னர், அதைக் கண்டித்துக் கூட்டமொன்றில் பேசியவர்களுள் நானும் ஒருவன். முழுவதும் படித்துவிட்டா பேசினேன்? நண்பர் ஒருவர் கோடிட்டுத் தந்த பக்கங்களை மட்டும் படித்தேன். "நம் வீட்டுச் செய்திகளை ஊரறியச் சொல்லலாமா?" என்பதே என் பேச்சின் சாரம். கைதட்டலும் கிடைத்தது.

அவளிடமிருந்து நூலைக் கேட்டு வாங்கி, நான்கு இரவுகளில் படித்து முடித்தேன். தொடக்கத்தில் உறவுமுறைகளும் பெயர்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, யார் யாருக்கு என்ன உறவு என்பது பிடிபடாமல் நான் இருமுறை திரும்பிச் சென்று படிக்க நேர்ந்தது. ஆசிரியர் வாசகனுக்குச் சற்று உதவியிருக்கலாம். ஆண்கள் பெரும்பாலும் நிழல்களாகவே வந்துபோகின்றனர் என்பதும் என் கருத்து. சில இடங்கள் இன்றும் எனக்கு உவப்பாக இல்லை, அதை மறைப்பானேன்? ஆனால் ராபியா என்னும் அச்சிறுமி, பெரியவர்களின் பேச்சை அரைகுறையாகக் கேட்டு, அரைகுறையாகப் புரிந்துகொண்டு, தனக்கென்று ஓர் உலகத்தைக் கட்டிக்கொள்ளும் பகுதிகளில் நான் பலமுறை நூலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் ஆண்கள் அமர்ந்திருக்க, உள்ளறையில் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிய பேச்சை, அறுபதாண்டுகள் அவ்வீடுகளில் வாழ்ந்தும் நான் கேட்டதே இல்லை என்பது அப்பொழுதுதான் உறைத்தது.

வீட்டுச் செய்தியை வெளியில் சொல்லும் குற்றத்தை மீரானும் செய்தவரே. ஊர்ப் பெரிய வீட்டு முதலாளியின் கொடுங்கோன்மையையும், ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை எதிர்த்து எழுந்த முரட்டுப் பிடிவாதத்தையும் அவர் எழுதினார். அதை நம் சமுதாய இதழே தொடராக வெளியிட்டது. அதற்காக அவ்விதழைப் பாராட்டவே வேண்டும். மீரானின் மேல் வருத்தம் கொண்டோர் இல்லாமலில்லை. ஆயினும் மேடையேறிய என்னைப் போன்றோர், ஆண் ஒருவர் திண்ணையைப் பற்றி எழுதியபொழுது துணிவு என்றோம்; பெண்ணொருத்தி உள்ளறையைப் பற்றி எழுதியபொழுது அடக்கமின்மை என்றோம். இவ்வளவுக்கும் பெண்கள் எழுதுவது நமக்குப் புதிதன்று. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்ற நாவலை 1938-இலேயே வெளியிட்டார். உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். ஜுனைதா பேகம் பெற்ற பள்ளிப் படிப்போ மிகச் சொற்பம்.

படிக்காமல் புகழ்ந்ததையும் படிக்காமல் இகழ்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதலாவதால் நூலொன்று அலமாரியில் தூங்கிற்று. இரண்டாவதால் எங்கள் வீட்டுப் பெண்ணொருத்தி தான் விரும்பிய நூலுக்குச் செய்தித்தாள் உறையிட நேர்ந்தது. இரண்டாவதே எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

நூலைத் திருப்பித் தந்தபொழுது, எனக்குப் பிடித்த இடங்களையும் பிடிக்காத இடங்களையும் பக்க எண்ணோடு அவளிடம் சொன்னேன். பிடிக்காத இடங்களில் இரண்டைப் பற்றி அவள் என்னோடு வாதாடினாள். ஒன்றில் நான் விட்டுக்கொடுத்தேன். பிறகு, "இப்போ நீங்க என்ன படிக்கிறீங்க?" என்று அவள் கேட்டபொழுது, தலையணைக்கு அடியில் உள்ளதையே சொன்னேன்: வைக்கம் முஹம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. அது எனக்கு நாலாவது தடவை.

பஷீர் 1959-இல் வெளியிட்ட இச்சிறு நாவல், மனநலச் சிகிச்சை பெற்றுவந்த நாள்களில் அவர் எழுதியது என்பதை அறியாமல் படிப்போர் நம்பவே மாட்டார்கள், அத்தனை சிரிப்பு. ஓய்வை நாடித் தலையோலப்பரம்பில் உள்ள தம் வீட்டுக்கு வந்த எழுத்தாளர், உம்மா, உடன்பிறந்தார், அவர்தம் பிள்ளைகள், கோழிகள் என்று நிறைந்து வழியும் கூட்டத்தில் அகப்பட்டுக்கொள்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரிடம் ஏதோ ஒன்று வேண்டும். தங்கை பாத்துமாவின் ஆடு நாள்தோறும் வந்து அகப்பட்டதைத் தின்கிறது. வறுமையைக் குறித்து எழுதும் நம் எழுத்தாளர் பலர் வாசகனின் கண்ணீரைக் கேட்டு வாங்குகின்றனர். பஷீரிடம் அந்தக் கெஞ்சல் இல்லை. பசித்தவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்வதை அவர் அன்போடு வேடிக்கை பார்க்கிறார், தாமும் ஏமாறுகிறார். பஷீரின் நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவரான குளச்சல் மு. யூசுப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதை அவளிடம் கொடுத்தபொழுது, அவள் தனியே எடுத்துச் செல்லவில்லை. பெரியும்மாவுக்கு இப்பொழுது கண் சரியாகத் தெரிவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய கட்டிலருகே அமர்ந்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள். மச்சானும் திண்ணையிலிருந்து நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். பஷீர் எழுதிய 'பால்யகால சகி'யை அந்த ஆடு தின்று தீர்க்கிறது; அடுத்து அவருடைய 'சப்தங்க'ளையும் தின்கிறது; பிறகு அவருடைய கம்பளிப் போர்வையின் பக்கம் வாயை நீட்டுகிறது. அவ்விடம் வந்ததும், நான் சொல்லிக்கொடுக்காமலேயே, அவள் படிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

பெரியும்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "ரெண்டு கிதாபு தின்னுச்சே, அதுல எது ருசியா இருந்துச்சாம் அந்த ஆட்டுக்கு?"