மைதானமும் தனியறையும்

கொரிய எழுத்தாளர் சோய் இன் ஹுன் 1960 நவம்பரில் ஒரு மாத இதழில் வெளியிட்ட நாவலின் பெயர் 'குவாங்ஜாங்'. அகன்ற வெளி என்பது அதன் நேர்ப்பொருள். நாம் அதனை ஆங்கிலப் பெயர்ப்பின் வழியாகவே படித்தோம். ஆங்கிலத்தார் அதற்குச் 'சதுக்கம்' என்று பெயரிட்டுள்ளனர். ஆயினும் படிக்கப் படிக்க நம் உள்ளத்தில் ஓடிய சொல் 'மைதானம்' என்பதே. அரபியில் 'மைதான்' என்பது மக்கள் கூடும் வெளியையும் குறிக்கும். குதிரையோட்டும் களத்தையும் குறிக்கும். படைகள் பொருதும் போர்க்களத்தையும் குறிக்கும். எதிரெதிர்ப் பொருள் தரும் சொற்களை அரபு மொழி நூலார் 'அள்தாத்' என்பர். இச்சொல் முற்றிலும் அவ்வகையில் சேராது. எனினும் மன்றமாகவும் போர்க்களமாகவும் ஒருசேர நிற்கும் இந்தச் சொல்லைவிடப் பொருத்தமான தலைப்பு இந்நூலுக்குக் கிடைக்காது.

ஆயிரம் ஆண்டுகளாக ஒரே நாடாயிருந்த கொரியாவைப் பிளந்தது யார்? 1945 ஆகஸ்டு 10ஆம் நாள் இரவு வாஷிங்டனில் அமெரிக்கப் படை அதிகாரிகள் இருவர், ஒரு சஞ்சிகை வெளியிட்ட தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் 38ஆம் அட்சக்கோட்டைத் தேர்ந்தெடுத்தனர். சோவியத் யூனியனும் தடை சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. கொரியர் ஒருவரையும் எவரும் கேட்கவில்லை. 1948இல் இரண்டு அரசுகள் எழுந்தன. 1950 ஜூன் 25இல் போர் மூண்டது.

இவ்வளவையும் அறிந்துகொண்டு நாவலைத் திறப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. வல்லரசுகள் இக்கதையில் மேடையேறுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். கதைத் தலைவன் லீ மியோங் ஜுன் சியோலில் தத்துவம் பயிலும் மாணவன். அவனுடைய தந்தை வடக்கே போய்விட்டவர். தந்தையின் பேச்சு வடக்கத்திய வானொலியில் ஒலித்தது என்பதற்காகத் தெற்கத்திய காவல் நிலையத்தில் மகனை இரத்தம் வர அடிக்கிறார்கள். அடிப்பவன் அமெரிக்கன் அல்லன்; ஜப்பானியர் ஆட்சியில் கற்ற தொழிலைப் பெருமையோடு நினைவுகூரும் கொரியன். மனம் வெறுத்து அவன் வடக்கே செல்கிறான். அங்கே பத்திரிகையில் கண்டதைக் கண்டபடி எழுதியதற்காகக் கூட்டத்தில் நிறுத்தித் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளச் செய்கிறார்கள். அங்கே நிறுத்துபவர்கள் ருஷ்யர் அல்லர், அவர்களும் கொரியரே. பின்னர் போர் வந்து, வடபடை சியோலைப் பிடித்தபோது, தன்னை வீட்டில் வைத்துச் சோறிட்ட குடும்பத்தின் மகனை அவனே தன் கையால் அடிக்கிறான்.

கோடு கிழித்தவன் தொலைவில் இருக்கிறான். அடிக்கும் கை உறவினன் கையாக இருக்கிறது. வல்லரசுப் போட்டியைப் பற்றிய எத்தனையோ அரசியல் நூல்கள் சொல்லத் தவறியதை இந்நூல் பெயர் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. இதனையே நாம் இதன் தலையாய சிறப்பாகக் கருதுகிறோம்.

ஆசிரியர் கையாளும் உருவகம் எளியது. மனிதனுக்கு மைதானமும் வேண்டும், தனியறையும் வேண்டும். தெற்கில் அறைகள் உண்டு. மைதானம் கள்வர் சந்தையாகிவிட்டது. வடக்கில் மைதானம் உண்டு. அங்கே முழக்கம் மட்டுமே கேட்கிறது, ஒருவன் தனித்திருக்க ஓர் அறை இல்லை. புறமும் அகமும் என்று நம் முன்னோர் பகுத்த இரண்டையும் ஒரு நாட்டின் இரு பாதிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதே நூலின் கேள்வி. அதற்கு அவர் காட்டும் விடை நம்மைக் கலங்கச் செய்தது. நாக்தோங் ஆற்றங்கரைப் போர்முனையில், செவிலியாக வந்த காதலி உன் ஹேயை அவன் ஒரு குகையிலே சந்திக்கிறான். நாடு முழுவதிலும் இருவர் மனிதராக இருப்பதற்குக் கிடைத்த இடம் அந்தக் குகை ஒன்றுதான். கருவுற்றிருந்த அவள் போரில் மாண்டு போகிறாள்.

குறை இல்லாமல் இல்லை. தத்துவ மாணவனின் தனிமொழிகள் பல பக்கங்களுக்கு நீள்கின்றன. தெற்கிலே அவன் விரும்பிய யூன் ஆ என்னும் பெண்ணுக்கு ஆசிரியர் உயிர் கொடுக்கவில்லை; அவன் எண்ணங்கள் மோதி எதிரொலிக்கும் சுவராகவே அவள் நிற்கிறாள்.

முடிவைப் பற்றித்தான் நமக்கு வழக்கு உண்டு. சிறைப்பட்ட மியோங் ஜுனை இரு தரப்பாரும் அழைக்கின்றனர். எத்தனை முறை கேட்டாலும் நடுநிலை நாடு என்றே விடையிறுக்கிறான். 'தாகூர்' என்னும் கப்பலில் இந்தியாவை நோக்கிப் புறப்படுகிறான். இரண்டு கடற்பறவைகள் கப்பலைத் தொடர்கின்றன. கரை சேருமுன் ஒரு நாள் அவனைக் காணவில்லை. முதற்பதிப்பில் அப்பறவைகள் அவன் நேசித்த இரு பெண்களாக இருந்தன என்றும், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உன் ஹேயும் பிறவாத குழந்தையுமாக மாற்றப்பட்டன என்றும் ஆய்வாளர் கூறுவர். திருத்தம் அழகானதே, ஆனால் நீதியானதன்று என்போம். கடல் அவனுக்கு மனைவி மக்கள் உள்ள வீடாகிவிட்டால், அவனை அங்கே தள்ளியவர்கள் மீதான வழக்கு தளர்ந்து போகாதா?

இதைவிடப் பெரிய ஐயம் ஒன்றுண்டு. வரலாறு இப்படி முடியவில்லை. கைதிகள் சிக்கலால் ஓராண்டுக்கு மேல் இழுபட்ட பேச்சு 1953 ஜூலை 27இல் போர்நிறுத்தமாக முடிந்தது. நாடு திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட கைதிகளை விசாரிக்க அமைந்த ஐந்து நாடுகளின் ஆணையத்துக்கு இந்தியத் தளபதி திம்மையா தலைவரானார். இரு பக்கமும் வேண்டாம் என்ற 76 கொரியரும் 12 சீனரும் 'அஸ்டூரியாஸ்' கப்பலில் இந்தியப் படையினரோடு புறப்பட்டு, 1954 பிப்ரவரியில் நம் சென்னைத் துறைமுகத்திலேதான் இறங்கினர். அவர்களிற் பலர் பின்னர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சென்றனர். சிலர் இங்கேயே தங்கித் தொழில் செய்து வாழ்ந்தனர். அந்த 88 பேர் உயிரோடு கரையேறியிருக்க, கதைத் தலைவனை மட்டும் கடலில் விட்டது ஏன்?

நெடுநாள் இதனை ஆசிரியரின் குற்றமாகவே எண்ணியிருந்தோம். பின்பு அவர் வரலாற்றைப் படித்தபோது சற்றுத் தயங்கினோம். வடகோடி எல்லையிலுள்ள ஹோரியோங்கில் பிறந்து, 1950 டிசம்பரில் குடும்பத்தோடு வொன்சான் துறையிலிருந்து அமெரிக்கக் கப்பலேறித் தெற்கே வந்தவர் அவர். 1960 ஏப்ரலில் மாணவர் கிளர்ச்சி சிங்மன் ரீயின் ஆட்சியைக் கவிழ்த்தது. 1961 மே மாதத்தில் படையாட்சி வந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சில மாதங்களில்தான் இப்படி ஒரு நூல் அச்சேற முடிந்தது. நடுவில் நிற்க எவ்வளவு இடம் உண்டு என்பதை அவர் தம் நாட்டிலேயே அளந்து பார்த்தவர். 2018 ஜூலையில் மறையும் வரை இந்நூலைப் பலமுறை திருத்திய அவர், கதைத் தலைவனை ஒருமுறைகூடக் கரை சேர்க்கவில்லை.

தமிழில் இதனைப் பெயர்க்க முன்வருவோர், தலைப்பை 'மைதானம்' என்றே வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.