ஈர மாப்புக்கு எந்த ஸ்கர்ட்டிங் தாங்கும்?

தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒட்டுகிற நாலு அங்குலப் பட்டைக்கு இன்று கடைகளில் அத்தனை ரகம். கேட்லாக் படத்தில் எல்லாமே அழகுதான். ஆனால் நம் வீடுகளில் தரையைக் கூட்டுவதோடு விடுவதில்லை. தினமும் ஈர மாப், பண்டிகை வந்தால் வாளி வாளியாகத் தண்ணீர். அதனால் டைல்ஸ், எம்.டி.எஃப்., பி.வி.சி., பாலிஸ்டைரீன் என ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வாங்கி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

முதலில் தோற்றது எம்.டி.எஃப். வெட்டுவாய் உப்பி, பெயின்ட் பிளந்திருந்தது. வெயிலில் காயவைத்தும் பழைய கனத்துக்குத் திரும்பவில்லை. ஈரம் தாங்கும் என்று விற்கப்படும் எச்.டி.எச்.எம்.ஆர். பலகையில் செய்தது உப்புவது குறைவு. ஆனாலும் அது ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. நெளிவு சுளிவோடு ஆறு அங்குல உயரத்தில் எம்.டி.எஃப். தரும் கம்பீரம் வேறு எதிலும் வராது என்பதும் உண்மை. அதற்கு உரிய இடம் லேமினேட் தரை போட்ட படுக்கையறை. லேமினேட் பலகை விரிந்து சுருங்குவதற்காகச் சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுவார்கள், அதை மூடத்தான் அங்கே பட்டை வேண்டும். பட்டையைச் சுவரில் மட்டுமே பொருத்தச் சொல்லுங்கள். தரையோடு சேர்த்து ஆணி அடித்தால் பலகை நகர வழியில்லாமல் மேடு தட்டிவிடும்.

பி.வி.சி.க்குத் தண்ணீரும் கரையானும் பொருட்டே இல்லை. அதன் பகை வெயில். எட்டடித் துண்டு 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் தோராயமாக 3 மி.மீ. நீளும். பால்கனிக் கதவோரம் வெயில் படும் சுவரில் இணைப்புகள் முட்டி எழும்புவதும், இரவில் வாய் திறப்பதும் இதனால்தான். பாலிஸ்டைரீன் எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் நகம் அழுத்தினாலே தடம் விழுகிறது. மரவேலைக்குப் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசை பட்டால் கரைந்து குழியாகிறது. குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் ஹாலுக்கு வேண்டாம்.

என் தேர்வு டைல்ஸ்தான். இரண்டுக்கு இரண்டு டைலை நாலு அங்குலமாக அறுத்தால் ஆறு பட்டை, கிட்டத்தட்ட 12 ரன்னிங் அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு, வாசல் போக, நாலு டைல் போதும். கவனிக்க வேண்டியது மேல் விளிம்பை. கம்பெனி விளிம்பு ஒரு டைலில் இரண்டு பட்டைக்குத்தான் கிடைக்கும். மற்றவற்றில் அறுத்த விளிம்பு மேலே வரும். மேற்பரப்பில் மட்டும் டிசைன் உள்ள டைலாக இருந்தால் அந்த இடத்தில் உள்மண்ணின் நிறம் கோடாகத் தெரியும், கையையும் கிழிக்கும். ஒட்டுவதற்கு முன் விளிம்பைச் சாய்த்துத் தேய்த்து பாலிஷ் போட மேஸ்திரியிடம் கேளுங்கள். கூடுதல் கூலி கொடுத்தாலும் தகும்.

இன்னொன்று, புதுவீடு கட்டுகிறவர்களுக்கு. சுவர் பூசும்போதே கீழே நாலு அங்குலத்தைப் பூசாமல் விடச் சொல்லுங்கள். உள்பூச்சு 12 மி.மீ.க்குக் குறையாது, டைலின் கனம் 8 முதல் 10 மி.மீ. ஒட்டும் கலவையும் சேர்ந்தால் சுவர்மட்டத்துக்கே வந்துவிடும். தூசி உட்கார விளிம்பே இல்லை, பீரோவும் சுவரோடு ஒட்டி நிற்கும். பழைய ரெட் ஆக்ஸைடு, மொசைக் தரைகளில் அதே பூச்சைச் சுவரில் வளைத்து ஏற்றி மூலையே இல்லாமல் செய்திருப்பார்கள். துடைக்க அதைவிடச் சுலபமான வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை.

தரைத்தளச் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால், இவற்றில் எதையும் இப்போது ஒட்டாதீர்கள். பட்டை ஈரத்தை மறைக்கும், ஈரம் பட்டைக்கு மேலே ஏறிப் பெயின்டை உரிக்கும். ஓதத்துக்கான காரணத்தைச் சரிசெய்து, பழைய பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகு டைல்காரரைக் கூப்பிடுங்கள்.